உயிர் காக்கும் கயிறு

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கித் திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டிச் செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த ஆற்றுத்தீவே திருவரங்கம். மாந்தர் வாழ்வும் வழிபாடும் ஆற்றோடு இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் தமிழகத்தில் சிலவே. ஆடிப்பெருக்கன்று அம்மாமண்டபத் துறையில் நிற்பவர் அந்நெருக்கத்தைக் கண்ணாரக் காணலாம். அந்நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1977, 2005 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தை இப்பகுதியின் முதியோர் இன்னும் மறக்கவில்லை. 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22 அன்று ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. பெருவெள்ளம் வாராத நாள்களிலும் மணல்குழியும் வழுக்குப்படியும் ஆற்றில் காத்திருக்கின்றன.

ஆற்றில் ஒருவர் தத்தளிக்கும்போது கரையில் நிற்பவர் வாயில் முதலில் வரும் சொல் ‘கயிறு’ என்பதே. எவரோ ஓடிச்சென்று ஏதோ ஒரு கயிற்றைக் கொண்டுவருவர். அது கொடி கட்டிய கயிறாகவோ, மாடு கட்டிய கயிறாகவோ, கிணற்றுத் தாம்பாகவோ இருக்கும். அக்கயிறு உயிரைக் காக்குமா என்பது அதன் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் கயிறு செய்ய வேண்டிய வேலை எது என்பதைப் பொறுத்தது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கமலை இறைத்த காலத்தில் ஒரே சாலுக்கு இரு கயிறுகள் பூட்டப்பட்டன. நீர் நிறைந்த சாலின் சுமையை இழுக்கத் தடித்த வடம். சாலின் அடியில் தைத்த தோல் வாலை மடக்கிப் பிடித்து, மேலே வந்ததும் விரித்து நீரை வாய்க்காலில் கொட்டச் செய்ய மெல்லிய வால்கயிறு. வடத்தை வால்கயிறாகவும் வால்கயிற்றை வடமாகவும் மாற்றிப் பூட்டிய உழவர் எவருமிலர்.

புடவை கயிறான கதை

முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்து 1995இல் தனி மாவட்டமானது பெரம்பலூர். அம்மாவட்டத்தில் மருதையாற்றின் குறுக்கே அமைந்தது கொட்டரை நீர்த்தேக்கம். 2020 ஆகஸ்டு மாதத்தில் அங்கே நீரில் இறங்கிய இளைஞர்களுள் நால்வர் ஆழத்தில் சிக்கினர. அருகில் இருந்த மூன்று பெண்கள் தாம் அணிந்திருந்த புடவைகளைக் களைந்து நீரில் வீசினர். இருவர் அவற்றைப் பற்றிக் கரையேறினர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டே கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர்களின் துணிவைப் போற்றுவதோடு நில்லாமல், புடவை எவ்வாறு கயிறாயிற்று என்றும் எண்ணிப்பார்த்தல் நன்று. ஒரு புடவையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். அகலம் ஒரு மீட்டருக்கும் மிகுதி என்பதால் நீரில் பரந்து கிடக்கும்; நனைந்து நடுங்கும் கைக்கும் எளிதில் அகப்படும். பருத்தி இழைக்கு வியப்பான இயல்பொன்றும் உண்டு: நனைந்தால் அதன் வலிமை குறைவதில்லை, சற்றே கூடுகிறது. நைலானோ நனையும்போது தன் வலிமையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழக்கிறது. இவை அனைத்துக்கும் மேலாக, அப்புடவைகள் அந்த நிமிடத்தில் அங்கே இருந்தன. நீரில் மூழ்குதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் நிகழ்வு. மூழ்குபவர் திரைப்படத்தில் காண்பதுபோல் கூச்சலிடுவதில்லை. வாய் நீருக்குள் இருக்கும்போது குரல் எழ வழியில்லை. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மிகச்சிறந்த கயிற்றைவிடக் கைக்கு எட்டும் துணியே அப்போது பயன்படும்.

ஆயினும் புடவைக்கு எல்லை உண்டு. அதனை நெடுந்தொலைவு எறிய இயலாது. நனைந்தால் கனக்கும், மூழ்கும். வழவழப்பான செயற்கையிழைப் புடவைகளைப் பிணைத்தால் முடிச்சு நழுவக்கூடும். துறைகளில் முன்கூட்டியே கயிறு வைத்திருக்க வேண்டும் என்பது இதனாலேயே.

மிதக்கும் கயிறு

ஆற்றுத்துறையில் வைக்கத்தக்க கயிறு எது? கடையில் வலிமை ஒன்றையே கேட்டு வாங்கினால் நைலான் கயிற்றோடு திரும்புவோம். அது ஆற்றுக்கு ஏற்றதன்று. நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் நைலானின் அடர்த்தி 1.14; பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38. இரண்டும் மூழ்கும். மூழ்கிய கயிற்றைத் தத்தளிப்பவர் காண இயலாது; அது பாறையிடுக்கிலும் மீட்க வந்த படகின் சுழலியிலும் சிக்கிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.91. ஆகவே அது மிதக்கும். காய்கறிச் சந்தையில் மூட்டை கட்டவும் வீட்டில் துணி உலர்த்தவும் பயன்படும் மஞ்சள், நீல நிறக் கயிறுகளிற் பல இப்பொருளால் ஆனவையே. வலிமையில் இது நைலானுக்குப் பின்தங்கியது. எனினும் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள புதிய முப்புரிக் கயிறு ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தாங்கும். நீரில் மிதக்கும் ஒருவரை இழுக்க இது போதும்.

தடிமனை மட்டும் குறைத்தல் ஆகாது. ஐந்து மில்லிமீட்டர்க் கயிறும் ஆளின் எடையைத் தாங்கும். ஆனால் நனைந்த கை அதனைப் பற்றித் தாங்காது. திருவரங்கத்துச் சித்திரைத் தேரின் வடத்தைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். வடம் பருத்திருப்பது தேரின் பாரத்துக்காக மட்டுமன்று. நூற்றுக்கணக்கானோர் கை வழுக்காமல் பற்றுவதற்காகவும்தான். எறிகயிறு 8 முதல் 11 மில்லிமீட்டர் வரை இருப்பதும், சேற்று நீரில் தெரியும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் இருப்பதும் நன்று.

மீட்புப் படையினர் பயன்படுத்தும் எறிகயிற்றுப் பை எளிமையான கருவி. 15 முதல் 25 மீட்டர் நீளமுள்ள கயிற்றை வளையமாகச் சுற்றாமல், சிறிது சிறிதாகப் பைக்குள் திணித்து வைப்பர். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால், பை பறக்கப் பறக்கக் கயிறு சிக்கின்றி வெளிவரும். பை இல்லாத இடத்தில், ஐந்து லிட்டர் நெகிழிக் கேனில் சிறிது நீர் ஊற்றி இறுக மூடிக் கயிற்றின் முனையில் கட்டலாம். உள்ளிருக்கும் நீர் வீசுவதற்கு எடை தரும். எஞ்சிய காற்று மிதக்கச் செய்யும். கேன் ஆளின் தலையில் விழாதவாறு அவரைக் கடந்து வீசிக் கயிறு அவர் தோள்மேல் படியச் செய்தல் வேண்டும்.

கரையில் நிற்பவர் எவ்வளவு விசையை எதிர்கொள்ள நேரும்? ஓடும் நீர் ஒரு பொருளின்மேல் செலுத்தும் விசை, நீரின் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், கயிற்றைப் பிடித்திருக்கும் மனித உடலைத் தோராயமாக 25 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். வேகம் இரண்டு மீட்டரானால் விசை 50 ஆகாது, 100 ஆகும். மூன்று மீட்டரானால் 225. இதனை ஒருவர் கையால் நிறுத்த முயன்றால் அவரும் ஆற்றுக்குள் இழுக்கப்படுவார். எனவே, கயிற்றை ஒருபோதும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளல் கூடாது. விட வேண்டிய நொடியில் விட இயல வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நேராக இழுப்பதும் வீண். ஊசல்போல் ஆள் வளைந்து கரையை நோக்கி வருமாறு கயிற்றைத் தாங்கி நிற்பதும், தேவையானால் ஓட்டத்தோடு கரையில் சில அடிகள் நடப்பதும் போதும். நீரே அவரைக் கரை சேர்க்கும்.

காவிரி இங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுடையது. எறிகயிறு எட்டுவது இருபது மீட்டர் அளவே. அதற்கு அப்பால் சிக்கியவர்க்குப் படகே வழி. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு 101 அல்லது 112 என்னும் எண்ணில் செய்தி சொல்லுதலைக் கயிற்றைத் தேடும்போதே மற்றொருவர் செய்துவிட வேண்டும். நீந்தத் தெரியும் என்னும் துணிவில் பயிற்சியின்றிக் குதித்தவர் பலர், காக்கச் சென்றவரோடு தாமும் மூழ்கியுள்ளனர்.

ஆற்றின் குறுக்கே கட்டினால்

வெள்ளக் காலங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கயிறு கட்டி, அதனைப் பற்றி மக்கள் கடப்பதைக் காண்கிறோம். இதில் மறைந்திருக்கும் இடரை இயற்பியல் வகுப்பில் படிக்கும் வெக்டர் கணக்கு வெளிப்படுத்தும். கயிறு தொய்வின்றி விறைப்பாக இருந்தால் நல்லது என்றே எவருக்கும் தோன்றும். கயிற்றின் நடுவில் ஒருவர் தொங்குவதாகக் கொள்வோம். கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் தொய்ந்திருந்தால், இருபுறமும் இழுவிசை அவருடைய எடைக்குச் சமம். தொய்வு 10 பாகையாகக் குறைந்தால் இழுவிசை எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 5 பாகையானால் ஆறு மடங்கை நெருங்குகிறது. முழுக் கிடைமட்டமாகக் கட்ட முயன்றால் விசை எல்லையின்றிக் கூடும். ஒருவரைத் தாங்கும் கயிற்றை ஒருவரே அறுத்துவிடலாம்! கயிறு அறாவிட்டால் அது கட்டப்பட்ட மரமோ தூணோ பெயரும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போதும் இதே கணக்குத்தான்.

இதனாலேயே பயிற்சி பெற்றோர், மக்கள் பற்றிச் செல்லும் கயிற்றை ஓட்டத்துக்குச் செங்குத்தாகக் கட்டாமல் சாய்வாகக் கட்டுவர். மேலோட்டப் பக்கத்தில் தொடங்கிக் கீழோட்டப் பக்கத்தில் முடியும் சாய்வு கடப்பவரை நீரின் போக்கிலேயே மறுகரைக்கு நகர்த்தும். பிடிக்கும் கயிற்றை உடலோடு கட்டிக்கொள்வது அங்கும் ஆகாது. நடுவில் கால் இடறினால் கயிறு ஆளை நீருக்கடியில் நிறுத்திவிடும்.

கிணற்றுக்குள் இறங்கும் கயிறு

ஆற்றைவிட்டு வயற்புறம் சென்றால் கயிற்றின் வேலை மாறுகிறது. மணப்பாறை, துறையூர், முசிறி வட்டாரங்களின் திறந்தவெளிக் கிணறுகள் அகன்றவை, ஆழமானவை. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. இங்கே கயிறு மிதக்க வேண்டியதில்லை. ஆளின் முழு எடையையும் செங்குத்தாகத் தாங்க வேண்டும். கைப்பிடி போதாது. உடலோடு இணையும் வார்ப்பட்டை வேண்டும்.

வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும் தென்னைநார்த் தாம்பு இதற்கு உதவுமா? தென்னைநார் நல்ல பொருளே. நீரில் எளிதில் அழுகாது. ஆனால் அதன் நார்கள் குட்டையானவை. ஒவ்வொரு நாரும் ஒரு சாண் அளவில் முடிந்துவிடும். முறுக்கினால் எழும் உராய்வே அவற்றை நீண்ட கயிறாகப் பிணைத்து வைக்கிறது. நனைந்தும் உலர்ந்தும் வெயிலில் காய்ந்தும் நார் நலியும்போது, வெளியே உறுதியாகத் தோன்றும் தாம்பு உள்ளே பொடியாகி இருக்கலாம். குடத்தைத் தாங்கும் கயிற்றை நம்பி ஆளை இறக்கலாகாது. உயிர்காப்புக் கயிறுகள் முனை முதல் முனை வரை அறாமல் ஓடும் செயற்கையிழைகளால் ஆனவையாக இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரநெறிகள் வரையறுக்கின்றன.

முறுக்குக் கயிற்றுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் ஆளைத் தொங்கவிட்டால் முறுக்கு அவிழ முயலும். ஆள் பம்பரம்போல் சுழல்வார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய மலையேறுவோருக்காக உருவான ‘கெர்ன்மாண்டில்’ கயிறு இக்குறையை நீக்கியது. ஜெர்மானிய மொழியில் கெர்ன் என்பது உள்ளீடு. மாண்டில் என்பது மேலுறை. நடுவே நீளவாக்கில் ஓடும் இழைக்கற்றை சுமையின் பெரும்பகுதியைத் தாங்க, நெருக்கமாகப் பின்னிய உறை அதனை உராய்விலிருந்தும் அழுக்கிலிருந்தும் காக்கிறது. இன்று மீட்புப் படையினர் கையாளும் கயிறுகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

இவ்வகைக்குள்ளும் இரண்டு உண்டு. இங்குதான் பலர் தடுமாறுகின்றனர். ஒன்று மிகக் குறைவாக நீளும் நிலைக்கயிறு. மற்றொன்று நன்கு நீளும் இயங்குகயிறு. ஐரோப்பியத் தரநெறிப்படி, 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குச் சுமை கூடும்போது நிலைக்கயிறு 5 விழுக்காட்டுக்கு மேல் நீளலாகாது. இருபது மீட்டர் ஆழக் கிணற்றில் அது ஒரு மீட்டரே. இயங்குகயிறு 80 கிலோ எடைக்கே 10 விழுக்காடு வரை நீளலாம். அதனைக் கிணற்றில் பயன்படுத்தினால் மேலிருப்பவர் முதலில் இழுக்கும் இரண்டு மீட்டரும் கயிற்றை நீட்டுவதிலேயே போகும். மீட்கப்படுபவர் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடிச் சுவரில் மோதுவார்.

அவ்வாறாயின் நீளும் கயிறு எதற்கு? பாறையில் ஏறுபவர் கயிறு பிணைத்த இடத்துக்கு மேலே சென்று தவறி விழுவதாகக் கொள்வோம். நான்கு மீட்டர் விழுந்தபின் 20 சென்டிமீட்டருக்குள் கயிறு அவரை நிறுத்தினால், உடல் தாங்கும் சராசரி விசை எடையைப்போல் 21 மடங்கு. கயிறு அறாது, முதுகெலும்பு முறியும். அதே வீழ்ச்சியை 1.2 மீட்டர் நீண்டு நிறுத்தினால் விசை நான்கு மடங்கைச் சற்றே தாண்டும். வீழ்பவரைத் தாங்க நீளும் கயிறு, தொங்குபவரைத் தூக்க நீளாக் கயிறு. இரண்டையும் மாற்றிக்கொண்டால் கயிறு அறாமலே உயிர் போகும்.

80 கிலோ மனிதரைத் தூக்க 22 கிலோ நியூட்டன், அஃதாவது ஏறத்தாழ 2,200 கிலோ தாங்கும் கயிறு ஏன் என்று வினவலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு வளைகிறது. வளைவின் வெளிப்புற இழைகளே பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. எட்டு வடிவ முடிச்சு கயிற்றின் வலிமையில் நான்கில் ஒரு பங்கைக் கொள்ளும். 22 என்பது 16.5 ஆகும். நைலான் நனைந்தால் அதிலும் 15 விழுக்காடு போய் 14 எஞ்சும். மீட்பவரும் மீட்கப்படுபவருமாக இருவர் தொங்கினால் சுமை 2 கிலோ நியூட்டன். பத்து மடங்குக்கும் மேலாகத் தோன்றிய காப்பு, கயிறு கிணற்றைத் தொடுமுன்னே ஏழு மடங்காகிவிட்டது. கருங்கல் விளிம்பின் உராய்வும் திடீர் இழுப்பும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

விளிம்பே கயிற்றின் முதற்பகை. இறுகிய கயிறு கூரிய கல்லின்மேல் பக்கவாட்டில் அசைந்தால், டன் கணக்கில் தாங்குவதும் நொடியில் அறும். மடித்த சாக்கோ கெட்டித்துணியோ இட்டு, அதன்மேல் கயிற்றை ஓடவிடுதல் வேண்டும். வெப்பம் மற்றொரு பகை. பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 165 செல்சியசிலும் நைலான்-6 ஏறத்தாழ 220 செல்சியசிலும் உருகும். ஓடும் கயிறு அசையாத மற்றொரு கயிற்றின் ஒரே இடத்தில் உரசினால் இவ்வெப்பம் எளிதில் எழும். கயிற்றோடு கயிறு உரசாதவாறு இரும்பு வளையத்தாலோ கப்பியாலோ பிணைப்பது இதனால்தான்.

கால்நடை விழுந்தால் கயிற்றை நேரே வயிற்றில் கட்டலாகாது. 400 கிலோ எடை மெல்லிய கயிற்றில் தங்கினால் தோலையும் தசையையும் அறுக்கும். அகன்ற பட்டையை வயிற்றடியில் செலுத்திப் பட்டையோடு கயிற்றை இணைக்க வேண்டும். நெடுநாள் பயன்படாத கிணறாயின் கயிற்றுக்கு முன்பே காற்றைப் பற்றி எண்ணுதல் வேண்டும். நச்சுக்காற்று தேங்கிய கிணற்றில் இறங்குபவரை எக்கயிறும் காவாது.

நடுக்காட்டுப்பட்டி

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தொடக்கத்தில் குழந்தை ஏறத்தாழ 26 அடி ஆழத்தில் இருந்தது. ஒரு சாண் அகலமும் இல்லாத துளை. எவரும் இறங்க இயலாது. கயிறு மட்டுமே இறங்கும். மேலிருந்து கயிற்றுச் சுருக்கை இறக்கி, குழந்தையின் கைகளில் மாட்டித் தூக்க முயன்றனர். ஒரு கையில் சுருக்கு விழுந்தது. மறு கையில் விழவில்லை. முயற்சிகளுக்கிடையே குழந்தை மேலும் கீழே நழுவி, 80 அடிக்கும் கீழே சென்றது. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மாநிலப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் பொறியாளர்களும் இரவுபகலாக உழைத்தனர்; அருகே மற்றொரு குழி தோண்டும் பணியைக் கடும்பாறை தடுத்தது. அக்டோபர் 29 அதிகாலையில் குழந்தையின் உடலே மீட்கப்பட்டது.

அங்கே கயிறு அறவில்லை. குழந்தையின் எடையைத் தாங்க ஒரு நூற்கயிறே போதும். இல்லாமற்போனது கயிற்றின் மறுமுனையில் நிற்கும் பிடிப்பு. ஆற்றில் தத்தளிப்பவர் தாமே கயிற்றைப் பற்றுகிறார். கிணற்றில் மீட்பவர் இறங்கி வார்ப்பட்டையை மாட்டுகிறார். ஆழ்துளையில் இவ்விரண்டும் இல்லை. சுருக்கு இழுக்க இழுக்க இறுகும் இயல்புடையது. பச்சிளங்கையில் இறுகினாலும் துன்பம், மண்ணும் ஈரமும் படிந்து நழுவினாலும் துன்பம். கயிற்றைத் தேரும்போது நம் கையிலுள்ள முனையையே பார்க்கிறோம். உயிர் இருப்பது மறுமுனையில்.

சில இடர்களுக்குக் கயிறு விடையன்று என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணிட்டு மூட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகள் வகுத்திருந்தது. ஓர் இரும்பு மூடியின் விலை, மீட்புக்குக் கொண்டுவரப்பட்ட எந்தக் கருவியின் விலையோடும் ஒப்பிடத்தக்கதன்று.

தேய்புரிப் பழங்கயிறு

நற்றிணையின் 284ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் கையாண்ட உவமையே பெயராகித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என அழைக்கப்படுகிறார். பொருள்தேடிச் சென்ற தலைவனின் நெஞ்சம் தலைவியிடம் திரும்பு என்கிறது. அறிவோ எடுத்த வினையை முடி என்கிறது. இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் பழைய கயிறுபோல் தன் உடல் அழியுமோ என்று அவன் வருந்துகிறான். அகப்பாடல்தான், எனினும் அவ்வுவமையைச் சொன்னவர் கயிற்றைக் கூர்ந்து கண்டவர். கயிறு என்று மட்டும் கூறாமல், புரி தேய்ந்ததென்றும் பழையதென்றும் கூறினார். விசை பெரிதாவதால் மட்டுமன்று, கயிறு முன்பே நலிந்திருப்பதாலும் அது அறுகிறது.

புரி தேய்ந்ததை அறிய, முறுக்குக் கயிறாயின் இரு கைகளாலும் முறுக்கை எதிர்த்துத் திருகிப் புரிகளை விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே பொடி உதிர்ந்தாலோ நார் நிறம் மாறியிருந்தாலோ அக்கயிறு ஆளைத் தாங்கத் தக்கதன்று. உறைக்கயிறாயின் கண்ணைவிட விரல் நம்பத்தக்கது. கயிற்றை முழுநீளமும் விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டால், உள்ளீடு சிதைந்த இடம் குழைவாகவோ புடைப்பாகவோ தட்டுப்படும். வெயிலின் புற ஊதாக் கதிர் செயற்கையிழைகளை நலிவுறுத்தும். பாலிபுரோப்பிலீனை விரைவாகவே கெடுக்கும். ஓராண்டுக் காலம் மாடியில் கொடியாகக் கிடந்து, தொட்டால் தூள் ஒட்டும் கயிற்றை ஆற்றுத்துறைக்கு எடுத்துச் செல்லுதல் வீண். மின்கல அமிலம் பட்ட நைலான் வெளியே மாற்றமின்றித் தோன்றினும் வலிமை இழந்திருக்கும். வண்டியின் பின்பெட்டியில் கயிற்றையும் மின்கலத்தையும் சேர்த்து வைப்போர் இதனைக் கருத வேண்டும்.

வாங்கிய நாளைத் துணியில் எழுதிக் கயிற்றின் முனையில் தைத்து வைப்பதும், நிழலில் உலர்த்திப் பையில் இடுவதும் மீட்புப் படையினரின் வழக்கம். வண்டி இழுக்கவோ சுமை கட்டவோ ஒருமுறை எடுத்த கயிற்றை மீண்டும் உயிர்காப்புக்கு எடுப்பதில்லை. விலக்கிய கயிற்றை முழுதாக எறிவதுமில்லை. வேறெவரும் அவசரத்தில் எடுத்துவிடாதவாறு இரண்டு மீட்டர் துண்டுகளாக நறுக்கிவிடுகின்றனர். அத்துண்டுகள் முடிச்சுப் பழகுவதற்குப் பயன்படும்.